வருடம் முழுக்கப் பச்சை

1

போன புதன்கிழமை எங்கள் கம்பெனியில் கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. ப்ராஜெக்ட் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட் என்று ஒரு புது நிர்வாக முறை வந்து ஒரு வருடம் ஆகிவிட்டதாம், அதற்குக் கேக். அந்த முறையில் கட்டட வேலை நடக்கும் ஒவ்வொரு சைட்டுக்கும் வாரா வாரம் ஒரு நிறம் கொடுப்பார்கள். வேலை சரியாகப் போனால் பச்சை, இழுத்தால் மஞ்சள், மாட்டிக்கொண்டால் சிவப்பு. கேக்கையும் அதே மூன்று நிறத்தில் பட்டை பட்டையாகச் செய்து வாங்கியிருந்தார்கள். திட்டப் பிரிவு எஞ்சினீயர் நிவேதா மேடம் பச்சைத் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"காதர் பாய், வருஷம் பூரா பச்சையாவே இருந்தது உங்க சைட் ஒண்ணுதான். இது உங்களுக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். இன்னொரு சைட்டின் ஃபோர்மேன் தங்கராசு மட்டும் தட்டவில்லை. வாயில் சிவப்புத் துண்டை அதக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

நான் அந்தத் துண்டைத் தொடவில்லை. அன்று காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து போனைப் பார்த்தால், ஊரிலிருந்து மகன் ஆஷிக் குரல் செய்தி அனுப்பியிருந்தான். நான் என்ன கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போகிறவன் அவன். அவன் குரலைக் கேட்டே மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

"அத்தா, அம்மா நேத்து கொழாயடியில மயங்கி விழுந்துருச்சு. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கு. ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்காம், ஆபரேஷன இன்னும் தள்ளாதீங்கன்னு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. நீங்க வந்தாத்தான் பண்ணிக்குவேன்னு அம்மா நிக்குது. நீங்க எப்ப வாரீங்க?"

எப்போது வருவேன்? ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் என் மனைவி ரஹ்மத்திடம் இதைத்தான் கேட்கிறார்கள். "ஃபோர்மேன் ஆயிட்டாரு, ஒரு லீவு வாங்க முடியாதாக்கும்?" முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைப் போனில் விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

நான் ஆவுடையார்கோவில் தாலுகா, மீமிசல் பக்கம். எட்டாவது வரை படித்தேன். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகையடித்து முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் வேலைக்கு ஓமன் வந்தவன், அல்லாஹ்வின் கிருபையால் ஃபோர்மேன் ஆனேன். இப்போது நான் பார்க்கிற சைட் ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு மாடி. பக்கத்தில் ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர் தினமும் வந்து நிற்பார். ஒரு கை பேரீச்சம்பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கட்டடத்தைக் காட்டி, எப்போது திறப்பீர்கள் என்று அரபியில் கேட்பார். இன்ஷா அல்லாஹ் என்பேன். அதற்கு மேல் பேச அவருக்கும் ஒன்றும் இருக்காது, எனக்கும் அரபி வராது.

தங்கராசு குன்றாண்டார்கோவில் பக்கத்துக்காரன். வந்த நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எனக்கு நாளைக்குக் கான்கிரீட் என்றால் இன்று மதியமே அவனுக்குப் போன் போடுவேன். "தங்கராசு, ஒன் ஆளுகள்ல கொஞ்சப் பேர அனுப்பு." "அனுப்புறேன் பாய், ஆனா என் முட்டுக் கம்பியத் திருப்பிக் குடுக்கல நீங்க." "வர்ற வண்டியிலயே ஏத்தி விடுறேன்." அவ்வளவுதான் பேச்சு. அவனுக்கு அவசரமென்றால் என் ஆட்கள் அங்கிட்டுப் போவார்கள். ஆபீசுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே சட்டம் ஒன்றுதான்: கூரைக் கான்கிரீட் முடியாமல் ஃபோர்மேன் ஊருக்குப் போகக் கூடாது. இந்தக் கைமாற்றை வைத்துத்தான் நானும் அவனும் ஒவ்வொரு முறையும் கூரையை முடித்துவிட்டு நேரத்துக்கு விமானம் ஏறியிருக்கிறோம்.

புது முறை வந்ததும் இதற்குப் பூட்டுப் போட்டார்கள். எல்லாரையும் பெரிய ஹாலில் உட்கார வைத்து, நிவேதா மேடம் திரையில் காட்டி விளக்கினார். திருச்சிக்காரப் பெண். ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்.

"இதுவரைக்கும் ஒவ்வொரு சைட்டும் தனித் தனிக் கம்பெனி மாதிரி நடந்துச்சு. ஒரு எடத்துல கிரேன் சும்மா நிக்கும், இன்னொரு எடத்துல கிரேன் இல்லாம வேலை நிக்கும். கெடைக்கிற வேலையெல்லாம் எடுத்துட்டு எதையும் முடிக்காம இருந்தோம். இனிமே எல்லா சைட்டையும் ஒண்ணா வச்சுப் பாப்போம். எது கம்பெனிக்கு முக்கியமோ அது முன்னாடி. ஆளு, கிரேன், பலகை எல்லாம் ஆபீஸ் சொல்ற எடத்துக்குத்தான் போகும். உங்களுக்குள்ள போன் போட்டு மாத்திக்கக் கூடாது."

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கிரேன் சும்மா நின்றதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வரிசைப் பட்டியலைப் பார்த்தபோது, கடற்கரை ஹோட்டல் முதலில் இருந்தது, என் ஆஸ்பத்திரி கடைசியில் இருந்தது.

தங்கராசு என் காதருகே குனிந்தான். "கடைசி பெஞ்சுக்கு வந்துட்டீங்க பாய். எட்டாவது படிக்கையில எங்க ஒக்காந்தீங்க?"

"அங்கதான்."

"அப்பறம் என்ன, பழகின எடந்தான."

3

முதல் புதன்கிழமைக் கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு ஃபோர்மேனாகக் கேட்டு நிறம் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"காதர் பாய், சைட் எப்படிப் போகுது?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லாப் போகுதும்மா."

திரையில் பச்சை விழுந்தது.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குப் பலகை போதவில்லை, கம்பி வளைக்கிற ஆள் ஒருவன் காய்ச்சலில் படுத்திருந்தான். அதையெல்லாம் எடுத்து விரிக்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான். கடலுக்குப் போய் வெறும் வலையோடு திரும்பி வந்த நாளிலும், பள்ளிவாசல் வாசலில் யாராவது விசாரித்தால் என் அத்தா அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் இறைவனுக்கே, என்றுதான் சொல்வார். இருப்பதற்கு நன்றி சொல்லாமல் இல்லாததைச் சொல்லிக்கொண்டு திரிவது நல்ல முஸ்லிமுக்கு அழகில்லை என்று ஊறிப்போனது.

அடுத்தது தங்கராசு. அவன் சைட்டும் என் சைட்டும் அன்றைக்கு ஒரே நிலைமைதான்.

"மேடம், என் சைட்டு ரொம்ப மோசம். செவப்பே போடுங்க. அதவிட அடர்த்தியா எதுனா இருந்தாலும் போடுங்க."

ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மறு வாரமே என் ஆட்களில் சிலரைத் தங்கராசு சைட்டுக்கு மாற்றி உத்தரவு வந்தது. பச்சையில் இருக்கிற சைட்டிலிருந்து சிவப்பில் இருக்கிற சைட்டுக்கு. அதற்குப் பிறகு ஹோட்டலுக்குச் சிலர் போனார்கள். என்னோடு பல வருடம் இருந்த சாகுல், தன் சுத்தியல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போது, "என்ன பாய், ஒரு வார்த்த சொல்லி எங்கள நிப்பாட்ட மாட்டீங்களா?" என்று கேட்டான். ஆபீஸ் முடிவு, பொறுமையாப் போ என்றேன்.

பிறகு நானே பலகை சுமந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தும் வேலை பார்த்தேன். அப்படியும் கூரை எட்டவில்லை. என் சைட் கடைசி வரிசை என்பதால் ஆபீசிலேயே தேதியைத் தள்ளிக் கொடுத்தார்கள். தேதி தள்ளியதும் கணக்குப்படி நான் தாமதம் இல்லை, மறுபடியும் பச்சை. இப்படித் தள்ளித் தள்ளி வருடம் முழுக்கப் பச்சையாக இருந்தேன். கூரை மட்டும் வரவில்லை. கூரை வராததால் என் லீவும் வரவில்லை.

சாயங்காலம் நாங்கள் தங்கும் கேம்ப்பில் டீக் குடிக்கும்போது தங்கராசுவிடம் என் ஆளைத் திருப்பிக் கொடுடா என்று ஒருமுறை கேட்டேன். பழைய நினைப்பு.

"முந்தி மாதிரின்னா இந்நேரம் பஸ்ல ஏத்தி விட்டிருப்பேன் பாய். இப்ப பேரோட கம்ப்யூட்டர்ல கெடக்கு. அனுப்புனா என் வேல போயிரும். நீங்க ஏன் இன்னும் பச்ச பச்சன்னு நிக்கிறீங்க? ஒங்க கொடியா அது?"

"போடா" என்றேன்.

4

ரஹ்மத்துக்குக் கர்ப்பப்பையில் கட்டி. புதுக்கோட்டையில் காட்டியதற்கு, எடுத்துவிடுவது நல்லது, ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு முறை நான் கேட்கும்போதும் பதில் ஒன்றுதான்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேங்க. நீங்க வந்தப்பறம் பண்ணிக்கலாம். மயக்க ஊசி போடறப்ப நீங்க வெளியில நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நோன்புக்கு முன்னால் வருகிறேன் என்றேன். தேதி தள்ளியது. பெருநாள் கழித்து என்றேன். அதுவும் தள்ளியது. அவளும் கூடவே ஆபரேஷனைத் தள்ளினாள். ஆஷிக்கிடம் தனியாகக் கேட்டால், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அம்மா ஓகே என்று அனுப்புவான். கூடவே கட்டைவிரல். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறான். என் வேலையைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் பக்கத்தில் இல்லாமலே வளர்ந்துவிட்டான், அவனுக்கு நான் மாதாமாதம் பணம் அனுப்புகிற ஆள்.

லீவு கேட்பதும் இப்போது மனிதரிடம் இல்லை. முன்பெல்லாம் கேம்ப் ஆபீசில் ஒரு மலையாளி இருப்பார். போய் நின்றால் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்துகொள்வார். இப்போது போனில் ஒரு செயலி. காரணம் என்ன என்று கேட்டு மூன்றே மூன்று காட்டும்: மரணம், திருமணம், மற்றவை. நான் மற்றவையை அழுத்தினேன். கூரை வேலை முடிந்த பிறகு விண்ணப்பிக்கவும் என்று உடனே பதில் வந்தது. மறுபடி அழுத்தினேன், அதே பதில். அந்த மூன்றில் முதலாவதைக் காட்டினால்தான் உடனே விடுவார்கள் போலிருக்கிறது. நினைத்ததற்கே அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டேன்.

5

போன புதன்கிழமை கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கூட்டம் தொடங்கியதும் நான் எழுந்தேன். என் முறை வருவதற்கு முன்பே எழுந்துவிட்டேன்.

"மேடம், என் சைட்டுக்குச் செவப்புப் போடுங்க."

நிவேதா மேடம் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ தமாஷ் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த ப்ராஜெக்ட் மேனேஜருக்கு ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் முகம் மாறியது. அவர் கேட்டதை மேடம் தமிழில் சொன்னார்.

"போன வாரம் வரைக்கும் பச்சை. ஒரே நாள்ல எப்படிச் செவப்பு? நடுவுல மஞ்சள்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு கேக்குறார்."

"மஞ்சள் போன வருஷமே வந்துருச்சும்மா. நான் சொல்லல."

தங்கராசு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"ஆளு பத்தல. பத்தாம ரொம்ப நாளாச்சு. நீங்க தேதியத் தள்ளித் தள்ளிக் குடுத்ததால பச்சையாத் தெரியுது. அந்தக் கூரை முடிஞ்சாத்தான் நான் ஊருக்குப் போக முடியும். நான் போனாத்தான் என் வீட்டுல ஆபரேஷன் பண்ணிக்குவேன்னு ஒக்காந்திருக்காங்க. நேத்து மயங்கி விழுந்துட்டாங்க."

மேடம் கணினியிலிருந்து கையை எடுத்தார்.

"ஏன் பாய் இத்தனை நாள் சொல்லல? நான் ஒவ்வொரு வாரமும் கேட்டேனே. நீங்க நல்லாப் போகுதுன்னு சொன்னா நான் நல்லாப் போகுதுன்னுதான போடுவேன்? பலகை எத்தன இருக்குன்னு கேமரா வச்சாப் பாக்க முடியும்?"

கோபமாகத்தான் கேட்டார். கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்கும் கோபம் இருந்தது. ஒரு வருடமாக ஆட்கள் குறைந்துகொண்டே போன சைட், எப்படிப் பச்சையாகவே இருக்கும் என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? கேட்டார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. கேட்ட கையோடு அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார்கள். சாகுல் போன பஸ்ஸுக்கு உத்தரவு போட்டவர் ஒருநாள் வந்து என் கூரையைப் பார்த்திருந்தால் போதும்.

இதையும் சொன்னேன். மேடம் மறுக்கவில்லை. ஆபத்துகள் என்று தலைப்புப் போட்ட பகுதியைத் திறந்து ஏதோ அடித்தார்.

"ஃபோர்மேன் லீவுல போறதையும் இதுல போடுறேன். வேலை நிக்கும்னா மாத்து ஆளு குடுத்துத்தான் ஆகணும். ஆனா ஒண்ணு பாய். கூரை முடிஞ்சாத்தான் லீவுன்னு கம்பெனி கோடு போட்டிருக்கு, சரி. லீவு வந்தாத்தான் ஆபரேஷன்னு அந்தக் கோட யாரு போட்டது?"

"நாங்கதான்" என்றேன்.

தங்கராசு எழுந்தான். "மேடம், நடுவுல ஒரு வார்த்த. நான் ரெண்டு சைட்டையும் பாத்துக்கிறேன். கேக் குடுத்த கையோட பாயிக்கு டிக்கெட்டையும் குடுத்து விடுங்க." மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. மேடம் எப்படி மொழிபெயர்த்தாரோ, அவர் தலையாட்டினார். சம்மதமா, பார்க்கலாம் என்பதா, அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் எனக்கு இன்று வரை விளங்கவில்லை. இதை எழுதும்போது செயலியில் பரிசீலனையில் உள்ளது என்று காட்டுகிறது. மஞ்சள் நிறத்தில்.

6

வெயில் காலத்தில் மதியம் இங்கே வெளிவேலை கூடாது. மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு ஆட்களெல்லாம் நிழலில் படுத்திருந்தார்கள். நான் கீழ்த்தளத்தில், வாசலையொட்டிய அறையில் பலகைக் கட்டின் மேல் உட்கார்ந்து ரஹ்மத்துக்குப் போன் போட்டேன். வரைபடத்தில் அது நோயாளிகள் காத்திருக்கும் அறை.

"எப்படிம்மா இருக்க?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆஷிக்கு சொல்லிட்டான்."

"அவன் வரட்டும், வாயில சூடு வைக்கிறேன்" என்றாள்.

"அவன ஒண்ணும் சொல்லாத. ரஹ்மத்து, நான் சொல்றதக் கேளு. திங்கக்கெழம மும்தாஜக் கூட்டிக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேந்துரு." மும்தாஜ் அவள் தங்கை, புதுக்கோட்டையிலேயே இருக்கிறாள். "நான் அதுக்குள்ள வந்தா வாரேன். வராட்டியும் நீ பண்ணிக்க. எனக்காக நிக்காத."

"நீங்க இல்லாமயா? வேணாங்க. எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். அல்லா காப்பாத்துவான்."

"காப்பாத்துவான். அவன்கிட்ட நீ அல்ஹம்துலில்லாஹ் சொல்லு, நானும் சொல்றேன். அது அவனுக்குச் சொல்ற பதிலு. அந்தப் பதில நான் இங்க ஆபீசுல சொல்லிச் சொல்லித்தான் இங்கிட்டே கெடக்கேன். நீ அங்கிட்டு எனக்குச் சொல்ற. எனக்கு அது வேணாம். ஒனக்கு எங்க வலிக்குது, அதச் சொல்லு."

"வேலைக்கு நேரமாகலையா ஒங்களுக்கு?"

"ஆகல. சொல்லு."

அவளுக்குப் பின்னால் யாரோ குடத்தை இறக்கி வைக்கும் சத்தம். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள் போல.

"அடிவயிறுங்க" என்றாள். "குனிஞ்சா இழுக்குது. ராத்திரிக்கு இடுப்பு ரெண்டும் கழண்டு விழுற மாதிரி இருக்கு. தொழுகையில தரையில நெத்தி வச்சு சஜ்தா செஞ்சா எந்திரிக்க முடியல, போன மாசத்துலேருந்து நாற்காலியில ஒக்காந்துதான் தொழுவுறேன். பயமா இருக்கு. ஒங்களுக்கு எதுக்குச் சொல்லணும்னு…"

"சொல்லு" என்றேன்.

வெளியே வேலை தொடங்கும் மணி அடித்தது. ஆட்கள் எழுந்து மேலே ஏறினார்கள். மேலே முதல் சுத்தியல் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். இன்னும் நிறைய இருந்தது.